டப்பாவில் கிடந்த பித்தளை போல்ட்

வாகனப் பதிவு அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. மீதிப் பேர் கேட்டதே இல்லை. பிளேட் அக்கா, அவ்வளவுதான். மதில் சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதில் ஒரு மேஜை, ஒரு ட்ரில், ஸ்க்ரூ வகைகள் போட்ட டப்பாக்கள், மண்டி போடக் கிழிந்த ரப்பர் பாய் ஒன்று. புது எண் வாங்கின வண்டி எதுவானாலும் அந்தப் பாயின் முன்னால் வந்து நின்றாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக மண்டி போட்டுப் போட்டு அவளுக்கு இரண்டு முட்டியும் காய்த்துப் போயிருந்தன.

நம்பர் பிளேட் மாட்டுவது என்ன பெரிய வித்தையா என்று கேட்கிற மேதாவிகள் உண்டு. கேட்டுவிட்டு வீட்டிலேயே கம்பியை முறுக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். மூன்றாம் மாதம் பிளேட்டைத் தெருவில் தொலைத்துவிட்டு இவளிடமே வந்து பல்லை இளிப்பார்கள். விஷயம் பிளேட்டில் இல்லை சாமி, அதைத் தாங்குகிற பிராக்கெட்டில் இருக்கிறது. பம்பரில் நாலு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பிளாஸ்டிக் நட். ஸ்க்ரூ உள்ளே இறங்க இறங்க நட் விரிந்து பம்பரைப் பிடித்துக்கொள்ளும். அந்த நட் உடைந்தால் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்துபோகும். உடைந்ததை முழுசாக உருவி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அளவாக முறுக்க வேண்டும், கூடிப்போனால் பிராக்கெட்டே பிளந்துவிடும்.

ஒன்று உடைந்தாலும் அவள் நாலையும் மாற்றுவாள். மற்ற மூன்றும் நன்றாகத்தானே இருக்கிறது என்று எவனாவது வாயைத் திறந்தால் போச்சு. அந்த ஒன்று உடையும்போது மற்ற மூன்றும் என்ன வேடிக்கையா பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்பாள். ஊரில் எல்லாருக்கும் நட்டு கழன்றாலும் அக்காவுக்குக் கழலாது என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அவள் மாட்டின பிளேட் ஒன்றுகூட வழியில் விழுந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கழற்றின உடைசலைத் தரையில் போடவே மாட்டாள், யார் டயரிலாவது ஏறும் என்பாள். வலது கை வேலை செய்ய, இடது கை உடைசலை வாங்கி வாங்கிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் காயலான்காரன் வந்து டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு போவான். இந்தப் பழக்கம் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதே கொட்டகையின் மறுமூலையில் எழுத்துக்காரர் உட்கார்ந்திருப்பார். எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் அந்த விண்ணப்பப் பாரத்தைப் பார்த்து மிரண்டவர்களுக்கும் அவர்தான் எழுதித் தருவார். ஒல்லி உடம்பு, ஒரு காது உடைந்த கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். ஒரு லாரி டிரைவருக்குக் காதல் கடிதம்கூட எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதினது தப்பில்லை, வாகன மாற்றப் பாரத்தில் எழுதுகிற மாதிரி "மேற்படி நபர்" என்று எழுதித் தொலைத்துவிட்டார். அந்தப் பெண் இன்னும் அந்த டிரைவரோடுதான் குடும்பம் நடத்துகிறாள் என்பது வேறு விஷயம்.

அக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எண்களும் பிளேட்டில் வருகிற எழுத்துகளும் அத்துபடி, கையெழுத்துப் போடுவாள், அதற்குமேல் ஒரு வரி சேர்த்து எழுத வராது. புருஷன் செத்தபோது கொடுக்க வேண்டிய மனுவெல்லாம் அவர்தான் எழுதினார். தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எழுதினதும் அவர், தம்பியின் லைசென்ஸ் பாரத்தைப் பூர்த்தி செய்ததும் அவர். நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்கு அண்ணே எழுத்து என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயசு, அவனுக்கு ஒன்றரை. அவனை இடுப்பில் தூக்கினவள்தான், புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தாள் என்று சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்வோம், அவள் நிஜமாகவே அப்படித்தான் வளர்த்தாள். கல்யாணமாகியும் தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை, அவனே போதும் என்று இருந்துவிட்டாள். அவன் இப்போது ஒரு சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். விடியும் முன் கிளம்பி விடுதிகளுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, எட்டு மணிக்குள் வண்டியை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். அவனுக்கு நாலு வயசில் ஒரு மகள். அத்தை அத்தை என்று அவள் காலைக் கட்டிக்கொள்ளும்.

எழுத்துக்காரரும் விடியும் முன்னே சைக்கிளில் கிளம்பிவிடுவார். வரிசையில் முதல் சீட்டுகளை வாங்கி வைத்தால் எழுத வருகிற கிழடுகட்டைகள் வெயிலில் நிற்க வேண்டாம் பாருங்கள். இருட்டில் அவர் வருவதை நினைத்து அக்காவுக்குப் பயம். போன மழைக்காலத்தில், தப்பு எண் அடித்து வீணான ஒரு பிளேட்டில் மின்னுகிற துண்டாகப் பார்த்து வெட்டி, அவர் சைக்கிளின் பின் மட்கார்டில் அவளே மாட்டிவிட்டாள். வீட்டில் ஓடாமல் கிடந்த மேஜை விசிறியிலிருந்து கழற்றின இரண்டு பித்தளை போல்ட். ஒன்றின் தலையில் ஸ்க்ரூட்ரைவர் இறங்குகிற வெட்டு தேய்ந்திருந்தது, ரம்பத்தால் புதுசாக வெட்டினாள், அது கோணலாகப் போய்விட்டது. எழுத்துக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, இருபது வருஷத்தில் அக்கா செய்த முதல் கோணல் வேலை என் வண்டியில்தானா என்று கேட்டார். அதற்கு அவள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கொட்டகையைத் திறந்தபோதே தம்பியின் வேன் வாசலில் நின்றது. முன் பிளேட் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாய் குறுக்கே வந்துவிட்டது, எட்டு மணிக்குள் மாட்டிக் கொடு, மேற்பார்வையாளர் பார்த்தால் சீட்டைக் கிழித்துவிடுவான் என்றான். அவள் பாயை இழுத்துப் போட்டு மண்டியிட்டாள்.

உடைசலைப் பார்த்து என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவள் அவள். ஆட்டத்தில் கழன்றிருந்தால் ஓட்டை அகலமாகியிருக்கும். கீழே எதையாவது உரசியிருந்தால் கீழ் இரண்டும் போயிருக்கும். நாய் என்றாலும் கீழ்தான். இங்கே மேல் இரண்டும் கத்தரித்த மாதிரி போயிருந்தது, கீழே ஒன்று பிய்ந்து வந்திருந்தது, பிராக்கெட்டின் மேல் மூலை ஒன்று ஆளையே காணோம். நாலாவது ஸ்க்ரூ மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பெரிய நாயாடா?" என்று கேட்டாள்.

அவன் எரிந்து விழுந்தான். நேரமாகிறது, விசாரணையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள் என்றான். அப்புறம் குரலைத் தணித்து, சீக்கிரம் அக்கா என்றான். அந்தக் குரலுக்கு அவள் என்றைக்கும் மறுத்ததில்லை. பிராக்கெட்டை இழுத்தாள். உள்ளே சிக்கியிருந்ததெல்லாம் இடது கையில் விழுந்தது, கை டப்பாவில் போட்டது. கண் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். புது பிராக்கெட், புது நட் நாலு, புது ஸ்க்ரூ நாலு. பம்பரையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மணி ஏழே முக்காலுக்கு அவன் கிளம்பிப் போய்விட்டான்.

எட்டு ஆனது, ஒன்பது ஆனது, எழுத்துக்காரர் வரவில்லை. கிழவர்கள் வெயிலில் நின்றார்கள். பதினொரு மணிக்கு அலுவலகக் காவலாளி வந்து சொன்னார். தண்ணீர்த் தொட்டி வளைவில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டதாம், ஆள் பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாராம். அடித்தவன் நிற்கவே இல்லையாம்.

தண்ணீர்த் தொட்டி வளைவு தம்பி தினமும் போகிற வழி. ஊரில் ஓடுகிற வண்டியில் பாதிக்கு அதுதான் வழி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். உடைந்த நட், கருப்புத் துண்டுகள், துருப்பிடித்த ஸ்க்ரூ, இதற்கெல்லாம் நடுவில் ஒரு பித்தளை போல்ட். வளைந்திருந்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தலையில் வெட்டு கோணலாக இருந்தது.

அப்படியே பாய்மேல் உட்கார்ந்துவிட்டாள். எது சாட்சியோ அதையெல்லாம் தன் கையாலேயே கழற்றி, தன் கையாலேயே துடைத்து, நாலும் புதுசாகப் போட்டு அனுப்பியிருக்கிறாள். யார் சொல்லி? யாரும் சொல்லவில்லை, கை பழகின வேலை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எழுத்துக்காரரின் மகள் வராந்தாவில் சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் மட்டும் இருக்கிற வீடு அது. அவள் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. பால் வண்டிக்காரர் பார்த்துத் தூக்கி வந்தாராம். அதற்குள் ஒரு மணி நேரம் ரோட்டிலேயே ரத்தம் போயிருக்கிறது.

"அடிச்சது தப்புன்னுகூட நான் சொல்லல அத்தை. இருட்டு, வளைவு, யாருக்கும் வரும். ஆனா நின்னு தூக்கிட்டு வந்திருந்தா அப்பா இப்ப பேசிட்டிருப்பார்னு டாக்டர் சொல்றார். எப்படி அத்தை போக மனசு வந்துச்சு அவனுக்கு?"

அக்கா அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள். தடவின கையை அப்புறம் புடவையில் துடைத்துக்கொண்டாள். பித்தளை போல்ட் அவள் இடுப்பில் முடிந்திருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கொட்டகைக்கே வந்தார். நல்ல மனுஷர். ஒரு சின்ன உறையிலிருந்து கருப்புத் துண்டு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ரோட்டில் கிடந்தது, எந்த வண்டியோடது என்று இந்த ஊரில் உங்களைத் தவிர யார் சொல்லுவார் என்று கேட்டார்.

பார்க்கவே தேவையில்லை. காணாமல்போன மேல் மூலை, ஓட்டையில் பாதி நட்டோடு. எந்தக் கம்பெனி வேன், எந்த வருஷத்து மாடல் என்றுகூட அவளால் சொல்ல முடியும். இதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தம்பியைப் பிடித்துவிடுவார்கள். துண்டைத் திருப்பினாள், திரும்பவும் திருப்பினாள்.

"இது எல்லா வண்டிக்கும் வரும் சார். ஆயிரம் வண்டியில இருக்கும்."

அக்கா சொன்னால் அதற்கு மேல் கேள்வி உண்டா? இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டை உறையில் போட்டுக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருஷம் சேர்த்த நல்ல பெயரை அவள் ஒரு நிமிஷத்தில் தம்பிக்காகச் செலவழித்துவிட்டாள். எனக்குச் சொல்லும்போதே ஆத்திரம் வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டாள். ஒரு ஸ்க்ரூ சரியாக இறங்கவில்லை, வண்டியைக் கொண்டு வா என்றாள். வந்தான். எழுத்துக்காரரின் மூலை காலியாகக் கிடந்ததை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் முடிச்சை அவிழ்த்துப் போல்ட்டைப் பாய்மேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். அப்புறம் மளமளவென்று கொட்டினான். தூக்கக் கலக்கம் என்றான், வளைவில் திடீரென்று சைக்கிள் என்றான், பின்கண்ணாடியில் பார்த்தபோது கை அசைந்தது, எழுந்துவிடுவார் என்று நினைத்தேன் என்றான். குழந்தை முகம் கண்முன் வந்தது என்றான்.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்று அவள் கேட்டாள்.

அவன் பாயின் கிழிசலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன்ல? யாருன்னு தெரிஞ்சுதா உனக்கு?"

"அந்தப் பிளேட்டு மின்னுச்சு அக்கா," என்றான். "நீ மாட்டினது."

அவர் இருட்டில் தெரிய வேண்டும் என்றுதானே மாட்டினாள். தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நிற்காமல் போயிருக்கிறான், போனவன் நேராக அவளிடமே வந்திருக்கிறான், ஏனென்றால் அவள் கேள்வி கேட்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்தாளே, அந்த வளர்ப்பின் லட்சணம் இது.

அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். அவர் பிழைத்துக்கொள்வார் அக்கா, பிழைத்தால் எல்லாம் சரியாகிவிடும், நான் போய் அவர் காலிலேயே விழுகிறேன் என்றான். அவளும் அந்த வார்த்தையைத் தொற்றிக்கொண்டாள். பிழைத்துவிட்டால் அவரிடமே சொல்லலாம். அண்ணே, இப்படிச் செய்துவிட்டான், நீங்கள் பார்த்து ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் ஏதாவது சொல்லுவார். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கொட்டகைக்குமாக நடந்தாள். வண்டிகள் வந்தன, பிளேட் மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எழுத்துக்காரர் செத்துப்போனார். கண்ணைத் திறக்கவே இல்லை.

சேதி வந்ததும் அவள் நேரே தம்பி வீட்டுக்குத்தான் போனாள். அவன் மனைவி கதவைத் திறந்தாள், குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. அவள் குனிந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள். தம்பியை வாசலுக்குக் கூப்பிட்டாள். பத்து மணி வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் நீயாகவே ஸ்டேஷனுக்குப் போய்விடு, நீயாகப் போனால் கொஞ்சமாவது மரியாதை இருக்கும் என்றாள். அவன் நம்பவில்லை. நீ என்னைக் காட்டிக்கொடுப்பியா அக்கா என்று கேட்டான். கேட்டபோது அவன் முகத்தில் லேசான ஒரு சிரிப்புகூட இருந்தது. அதைத்தான் அவளால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மரத்தடியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்பது மணி ஆனது, ஒன்பதரை ஆனது. ஒவ்வொரு வேன் திரும்பும்போதும் எழுந்து எழுந்து பார்த்தாள். வந்துவிடுவான், எவ்வளவு கெட்டவனானாலும் வந்துவிடுவான் என்று நினைத்தாள். பத்தே காலுக்கு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறினாள்.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்தாள், முடிச்சிலிருந்து பித்தளை போல்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு நான் சொன்னது பொய் சார் என்றாள். அந்தத் துண்டு என் தம்பி வண்டியோடது, மிச்சமெல்லாம் இதில் இருக்கிறது, கழற்றி மாற்றினது நான்தான், என் பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வேனில் மாட்டியிருக்கிற நாலு புது ஸ்க்ரூவும் தன்னுடையது என்று சொல்லி, அவற்றின் அளவையும் சொன்னாள். குரல் உடையாமல் சொல்லி முடித்துவிட்டாள்.

அவர் போல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவள் பக்கம் தள்ளினார். வாயால் சொன்னால் போதாது, நடந்ததை முதலிலிருந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவள் பேனாவை எடுத்தாள். தாளைப் பார்த்தாள். பேனா அப்படியே நின்றது.

"எழுத வராதாம்மா?" என்று அவர் கேட்டார். "உங்களுக்கு எழுதித் தர யாரும் இல்லையா?"

"ஒருத்தர் இருந்தார் சார்," என்றாள். "அவரைப் பத்தித்தான் எழுதணும்."